செய்தியில் மைனஸ் நான்கு, தாம்பரத்தில் எத்தனை?

2024 அக்டோபரில் ஒரு வால்நட்சத்திரம் வந்து போனது. பெயர் சுச்சின்ஷான்-அட்லஸ். சீனாவில் ஒரு தொலைநோக்கியும் தென்னாப்பிரிக்காவில் ஒரு தொலைநோக்கியும் 2023-இன் தொடக்கத்தில் தனித்தனியே அதைக் கண்டுபிடித்திருந்தன. செப்டம்பர் 27-இல் அது சூரியனை நெருங்கியது; தொலைவு 0.39 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரம் ஓர் அலகு), கிட்டத்தட்ட புதன் சுற்றும் தூரம். அக்டோபர் 12-இல் பூமிக்கு 7 கோடி கிலோமீட்டர் வரை வந்தது. மாலையில் மேற்கே, வெள்ளிக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் நடுவே தேடுங்கள் என்றார்கள். ஒளித்தரம் மைனஸ் நான்கைத் தொடும், வெள்ளிக் கோளுக்கு நிகராக மின்னும் என்றும் செய்திகள் வந்தன.

சென்னையில் நடந்தது வேறு. 14-ஆம் தேதி மழை பிடித்துக்கொண்டது. 15-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். மேற்கு வானத்தை நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம்?

மழை இல்லாத ஊர்களிலும் மைனஸ் நான்கை மனிதக் கண் பார்க்கவில்லை. அந்த எண் அக்டோபர் 9-ஐ ஒட்டிய இரண்டொரு நாளுக்கானது. அப்போது வால்நட்சத்திரம் வானத்தில் சூரியனுக்கு மிக அருகே, அதன் கூச்சத்துக்குள் இருந்தது. பார்த்தது சோஹோ விண்கலம். சூரியனை ஒரு தகட்டால் மறைத்துவிட்டுச் சுற்றுப்புறத்தைப் படம்பிடிக்கும் அதன் கேமராவில் வால்நட்சத்திரம் பளிச்சென்று விழுந்தது. நமக்கு மாலை வானில் அது கிடைக்கத் தொடங்கியபோது ஒளி தினம் தினம் இறங்கிக்கொண்டிருந்தது. செய்தியில் வந்த எண் பொய் அல்ல. ஆனால் அது எந்த நாளுக்கு, எந்த இடத்திலிருந்து, எந்த வானத்துக்கு என்பதைச் செய்தி சொல்லவில்லை. இந்த அத்தியாயம் அந்த எண்ணை நம் ஊருக்கு மாற்றிக்கொள்வதைப் பற்றியது.

ஒரு வால்நட்சத்திரம் எந்த நாளில் எங்கே இருக்கும் என்பதைச் சொல்வதில் இன்று சிரமம் அதிகம் இல்லை. நான்கைந்து இரவுகளின் அளவீடு கிடைத்தால் போதும். மீதியை நியூட்டனின் ஈர்ப்பு விதி பார்த்துக்கொள்ளும். ஹாலி வால்நட்சத்திரம் அடுத்து சூரியனை நெருங்கும் நாள் 2061 ஜூலை 28 என்று இப்போதே குறித்துவைத்திருக்கிறார்கள். எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று கேட்டால்தான் சிக்கல். வானில் நாம் பார்க்கும் வெளிச்சத்தில் உட்கருவின் பங்கு அநேகமாக ஒன்றுமில்லை. சில கிலோமீட்டர் அகலமுள்ள கறுத்த அழுக்குப் பனிக்கட்டி அது. வெயில் பட்டு அது உமிழும் வாயுவும் தூசியும்தான் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு விரிந்து ஒளிர்கின்றன. ஆகவே வெளிச்சத்தை முன்கூட்டிச் சொல்வது, யாரும் திறந்து பார்த்திராத ஒரு பனிக்கட்டி எப்போது எவ்வளவு ஆவியாகும் என்று சொல்வதாகிறது.

அதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது, பார்க்க எளிமையானது. வால்நட்சத்திரம் நம்மிடமிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் ஒளி நான்கில் ஒன்றாகும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சூரியனிடமிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால்? வெறும் பாறையாக இருந்தால் அங்கேயும் நான்கில் ஒன்றுதான். வால்நட்சத்திரமோ தள்ளிப்போகும்போது வெயிலையும் இழக்கிறது, உமிழ்வையும் குறைத்துக்கொள்கிறது. பழைய வால்நட்சத்திரங்கள் பலவற்றைச் சேர்த்து சராசரி எடுத்துப் பார்த்ததில் பதினாறில் ஒன்று என்று வந்தது. அதாவது தூரத்தின் நான்காம் அடுக்கு. இந்த நான்குதான் கணிப்பவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அடுக்கு. வம்பு முழுவதும் இதில்தான் ஆரம்பிக்கிறது.

கற்பனையாக ஒரு வால்நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சூரியனிடமிருந்தும் பூமியிடமிருந்தும் 4 வானியல் அலகு தூரத்தில் இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கிறார்கள், ஒளித்தரம் 13 (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). அது சூரியனுக்கு 0.4 அலகு, பூமிக்கு 0.5 அலகு வரை வரப்போகிறது. நான்காம் அடுக்கை நம்பிக் கணக்குப் போட்டவருக்குக் கிடைப்பது மைனஸ் 1.5. வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்குச் சமம். தலைப்புச் செய்தி உறுதி. இன்னொருவர் கொஞ்சம் எச்சரிக்கையாக இரண்டரை அடுக்கு என்று வைத்துக்கொள்கிறார். அவருக்குக் கிடைப்பது 2.2, துருவ நட்சத்திரத்தைவிடச் சற்று மங்கல். இருவரும் கையில் வைத்திருப்பது ஒரே இரவின் ஒரே அளவீடு. விடைகளுக்கு இடையிலோ முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். தொலைவில் பிடிபடும் வால்நட்சத்திரங்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தலைவிதி உண்டு. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்களோ அவ்வளவு நீளமாக அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

1973-இல் கோஹூடெக் விஷயத்தில் நடந்தது இதுதான். மார்ச் மாதம், வியாழனின் தூரத்தை ஒட்டி இருக்கும்போதே, ஹாம்பர்க்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு தூரத்திலேயே இத்தனை வெளிச்சமா என்ற வியப்பு நூற்றாண்டின் வால்நட்சத்திரம் என்ற விளம்பரமாக வளர்ந்தது. டிசம்பர் 28-இல் அது சூரியனைச் சுற்றியபோது ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் நன்றாகவே பார்த்து, வரைந்தும் வைத்தார்கள். ஜனவரி மாலைகளில் தரையில் காத்திருந்த மக்களுக்கு அது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு மங்கல் கீற்று.

காரணம் பிறகு தெளிவானது. சூரியக் குடும்பத்தின் வெளி எல்லையில், ஊர்ட் மேகம் என்னும் குளிர்ந்த கிடங்கில், கோடானுகோடி ஆண்டுகள் கிடந்துவிட்டு முதல் முறையாக உள்ளே வரும் வால்நட்சத்திரத்தின் மேற்பரப்பில் கார்பன் மோனாக்சைடு போன்றவை உறைந்திருக்கும். மிகக் குறைந்த வெப்பத்துக்கே அவை ஆவியாகிவிடும். தண்ணீர்ப் பனி சுறுசுறுப்பாக ஆவியாக வேண்டுமானால் சூரியனுக்குச் சுமார் 3 அலகுக்குள் வந்தாக வேண்டும். புதிதாக வருபவை தூரத்திலேயே ஆர்ப்பாட்டமாகப் பொங்கி, நெருங்கியதும் தயங்குவது இதனால்தான். ஹாலி போன்ற பழைய ஆட்கள் இப்படி ஏமாற்றுவதில்லை. பல சுற்று வந்து மேல்பூச்செல்லாம் உதிர்ந்த அவற்றின் அடுக்கை முந்தைய வருகைகளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிட மோசமான வாய்ப்பும் உண்டு: உடைந்துபோவது. 2013-இல் ஐசான் சூரியனைச் சுற்றி வந்தபோது தூசிக் கீற்றாக மட்டுமே வெளியே வந்து, சில நாட்களில் கரைந்தது. 2020 ஏப்ரலில் அட்லஸ் என்ற இன்னொன்று சூரியனை எட்டுவதற்கு முன்பே துண்டு துண்டானது. எது தப்பும், எது தப்பாது என்று ஊகிக்க அமெரிக்க நோக்கர் ஜான் போர்ட்டில் 1991-இல் ஒரு எல்லைக்கோடு வகுத்துக் கொடுத்தார். சூரியனை மிக நெருங்கும் வால்நட்சத்திரம் இயல்பிலேயே இன்ன அளவுக்கு மேல் மங்கலாக இருந்தால் பிழைக்காது என்பது அதன் சாரம். பட்டறிவில் பிறந்த விதிதான். ஆனால் பலமுறை கைகொடுத்திருக்கிறது. சுச்சின்ஷான்-அட்லஸ் விஷயத்தில் நிபுணர்களே பிரிந்து நின்றார்கள். வால்நட்சத்திர ஆய்வில் பழம் தின்று கொட்டை போட்டவரான ஸ்டெனெக் செகானினா, 2024 ஜூலையில், இது சூரியனை அடையும் முன்பே சிதைந்துவிடும் என்று கட்டுரை எழுதினார். அது சிதையவில்லை. அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒளி உயர்வது சில வாரம் தடைப்பட்டதைக் கவனித்து, காரணத்தோடு ஒரு கணிப்பை முன்வைத்தார், தவறானது. எதுவும் நடக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கியவர்களுக்கு அந்தத் தவறு வாய்த்திருக்காது.

ஹோம்ஸ் வால்நட்சத்திரம் வேறு ரகம். 2007 அக்டோபர் கடைசியில், 17-ஆம் தரத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அது, இரண்டு நாளுக்குள் கிட்டத்தட்ட 3-ஆம் தரத்துக்கு எகிறியது. நான்கைந்து லட்சம் மடங்கு. எந்த வாய்பாட்டிலும் அதற்கு இடம் இல்லை.

அக்டோபர் 9-இன் மைனஸ் நான்குக்கும் தனிக் காரணம் உண்டு. அப்போது வால்நட்சத்திரம் நமக்கும் சூரியனுக்கும் ஏறக்குறைய நடுவே வந்திருந்தது. மாலையில் முடிச்சூர் சாலையில் மேற்கு நோக்கி பைக் ஓட்டுபவருக்கு இது தெரிந்த சங்கதி. காலையில் சுத்தமாகத் தெரிந்த ஹெல்மெட் கண்ணாடி, எதிர்வெயில் பட்டதும் தூசிப் படலமாகப் பளபளக்கும். வண்டியைத் திருப்பினால் தூசி காணாமல் போகும். நுண்ணிய தூசி வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிப்பதால் வரும் விளைவு இது. வால்நட்சத்திரம் புதிதாக எதையும் உமிழாமலே சில நாள் பல மடங்கு பிரகாசமாகிறது. இந்த விளைவைக் கணிப்பில் சேர்த்தவர்கள் 2024-இல் சரியாகவே சொன்னார்கள்.

இதுவரை ஒளித்தரம் என்று சர்வசாதாரணமாக எழுதிவந்தேன். அந்த அளவுகோலுக்குச் சென்னைத் தொடர்பு உண்டு. ஒளித்தரத்தில் ஒன்று குறைந்தால் வெளிச்சம் 2.512 மடங்கு கூடுகிறது, ஐந்து குறைந்தால் சரியாக 100 மடங்கு. இந்த விகிதத்தை 1856-இல் முன்மொழிந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். ஐந்தாண்டு கழித்து, 1861-இல், அவர் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று நுங்கம்பாக்கம் வந்து சேர்ந்தார். 1891-இல் சாகும்வரை இங்கேதான் வேலை பார்த்தார். இன்று வானிலை மையம் இருக்கும் அதே வளாகம். பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் அங்கே இன்னும் நிற்கிறது. ஒளியை எடைபோடும் அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்வானத்து மண்டலத்தில், ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தவர் இவர்.

1872 நவம்பர் கடைசியில் போக்சனுக்கு ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர். 27-ஆம் தேதி இரவு ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாய்க் கொட்டியிருந்தன. 1846-இல் இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பிறகு காணாமலே போன பியேலா வால்நட்சத்திரத்தின் தூசிப் பாதை அது. பியேலா பூமியை உரசிக்கொண்டு போயிருக்க வேண்டும். போன திசையில், தீட்டா சென்டாரி நட்சத்திரத்தின் பக்கம் தேடிப்பாருங்கள் என்பது தந்தியின் சாரம். ஐரோப்பாவிலிருந்து அந்த நட்சத்திரத்தைப் பிடிப்பது கடினம். 13-ஆவது அட்சரேகையில் இருக்கும் நம் ஊரில் விடியலுக்கு முன் தென்கிழக்கில் அது உதிக்கும். அதனால்தான் மதராஸுக்குத் தந்தி.

காலம் டிசம்பர் தொடக்கம். சென்னையில் டிசம்பர் தொடக்கம் எப்படி இருக்கும் என்று கோட்டிங்கனில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதல் இரண்டு விடியல்களும் மேகத்திலும் மழையிலும் போயின. மூன்றாவது விடியலில், ஐந்தே கால் மணி வாக்கில், வானம் சற்றே விலகியது. வெளுக்கத் தொடங்கிய வானத்தில் வட்டமான ஒரு ஒளித்திட்டு, நடுவில் உட்கரு, வால் இல்லை. நான்கு நிமிடத்தில் அது நகர்ந்திருந்தது, ஆகவே வால்நட்சத்திரம்தான். மறுநாள் இன்னும் நன்றாகத் தெரிந்தது, ஒரு குட்டை வாலோடு. பிறகு மழை மூடிக்கொண்டது. இரண்டு விடியல்களின் அளவீட்டை வைத்துச் சுற்றுப்பாதை கணக்கிட முடியாது. அது பியேலா இருந்திருக்க வேண்டிய இடமும் அல்ல என்று பின்னர் வந்த கணக்குகள் காட்டின. போக்சன் பார்த்தது எது என்பது இன்றுவரை தீரவில்லை. இன்னும் ஒரே ஒரு தெளிந்த விடியல் வாய்த்திருந்தால் கதை வேறு.

இனி நம் மாடிக் கணக்கு. செய்தியில் வரும் எண்ணிலிருந்து தாம்பரத்துக்காரர் மூன்று கழிவுகள் போட வேண்டும்.

முதல் கழிவு, நகர வெளிச்சம். தாம்பரத்திலிருந்து வடக்கே பார்த்தால் சென்னை முழுவதும் ஒரு வெளிறிய கூரையாக நிற்கிறது. அந்தத் திசையில் 3, 3.5-ஐத் தாண்டி வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால் நல்ல இரவு என்பேன். சோதித்துப் பார்க்கக் கருவி தேவையில்லை. ஏப்ரல், மே மாலைகளில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நிற்கும். அதில் வசிட்டர் 2-ஆம் தரத்தை ஒட்டியவர். வாலும் சட்டமும் சேரும் மூலையில் இருக்கும் அத்திரி 3.3. வசிட்டருக்கு ஒட்டினாற்போல இருக்கும் அருந்ததி 4.0. அத்திரி தெரிந்து அருந்ததி தெரியவில்லை என்றால் உங்கள் மாடியின் எல்லை இரண்டுக்கும் நடுவே. கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு அருந்ததியைக் காட்டும் புரோகிதர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். குளிர்காலத்தில் கார்த்திகைக் கூட்டத்தை எண்ணலாம். ஆறும் தனித்தனியே தெரிந்தால் எல்லை 4.3.

இரண்டாம் கழிவு, அடிவானம். தலைக்கு மேலே இருக்கும் விண்மீனோடு ஒப்பிட்டால், 10 பாகை உயரத்தில் இருக்கும் ஒன்றின் ஒளி ஐந்து மடங்குக்கு மேல் கனமான காற்றைக் கடந்து வருகிறது. ஈரமும் புகையும் சேர்ந்த கடலோரக் காற்றில் ஒன்றரைத் தரம் வரை போய்விடும். பெரிய வால்நட்சத்திரங்கள் உச்சத்தில் இருக்கும்போது பெரும்பாலும் சூரியனுக்குப் பக்கத்தில், அதாவது அடிவானத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே இந்தக் கழிவுக்குத் தப்ப வழியில்லை. நமக்கு ஒரு சலுகை உண்டு. இந்த அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு வந்துவிடும். லண்டன்காரருக்கு நடுக்கோடையில் முழு இருட்டே கிடையாது.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நட்சத்திரம் ஒரு புள்ளி. வால்நட்சத்திரம் ஒரு திட்டு. 4-ஆம் தர நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் குவிந்திருக்க, 4-ஆம் தர வால்நட்சத்திரத்தின் ஒளி நிலவின் பாதி அகலத்துக்குப் பரவியிருக்கலாம். வானமே வெளுத்திருக்கும் ஊரில் பரவிய ஒளி பின்னணியில் கரைந்துவிடும். எனவே செய்தி 4 என்றால் தாம்பரத்தில் பைனாகுலர் இல்லாமல் முயல வேண்டாம். செய்தி 1 என்றால் மேற்கே மறைப்பில்லாத இடத்துக்குப் போங்கள்.

மறைப்பில்லாத இடத்துக்கு ஏரிகளை நம்பலாம். இந்தப் பக்கத்தில் நிலம் கடலை நோக்கிச் சரிவதால் ஏரிக்கரைகள் பெரும்பாலும் கிழக்கே அமைந்திருக்கின்றன. மணிமங்கலம் போன்ற பெரிய ஏரியின் கரையில் ஏறி நின்றால் மேற்கே தண்ணீருக்கு மேல் அடிவானம் வரை திறந்து கிடக்கும். விடியற்கால வால்நட்சத்திரத்துக்குக் கோவளம் கடற்கரை. தெற்கே வண்டலூர்க் காடு இருட்டாக இருந்தாலும் அதற்கு அப்பால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தின் விளக்குகள் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் கிட்டத்தட்ட நம் அட்சரேகையிலேயே 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கிக்கு 1986 ஜனவரியில் வைணு பாப்புவின் பெயர் சூட்டினார்கள். ஹாலி வந்திருந்த சமயம் அது. சென்னையில் பிறந்த பாப்பு, 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். பாப்பு-பாக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயர்.

ஒளியை நீங்களே மதிப்பிடலாம். 10x50 பைனாகுலர் போதும். ஏசி அறையிலிருந்து எடுத்த உடனே மாடிக்குக் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்கப் பனித்துவிடும். துடைக்கத் துடைக்க வரும். அரை மணி முன்பே வெளியே வைத்துவிடுங்கள். முதலில் வால்நட்சத்திரத்தைக் கூர்மையாகப் பார்த்து, அதன் திட்டு எவ்வளவு பெரியது, எவ்வளவு வெளிச்சம் என்று மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒளித்தரம் தெரிந்த ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்பி, ஃபோகஸ் சக்கரத்தைச் சுழற்றி, அது அதே அளவுத் திட்டாக ஊதும்வரை கலைக்க வேண்டும். இரண்டு திட்டுகளில் எது வெளிச்சம்? இப்படி வால்நட்சத்திரத்தைவிடப் பிரகாசமான ஒன்றையும் மங்கலான ஒன்றையும் பிடித்துவிட்டால் நடுவே பத்தில் எத்தனை பங்கு என்று சொல்லிவிடலாம். 2.6-க்கும் 3.2-க்கும் சரிபாதியில் இருந்தால் 2.9. ஒப்பிடும் நட்சத்திரங்கள் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கட்டும். இரண்டாம் கழிவு தானாகவே அடிபட்டுப் போகும். பழகியவர்களின் மதிப்பீடுகள்கூட ஒன்றுக்கொன்று கால் தரம், அரைத் தரம் வேறுபடும். அது சகஜம்.

குறிப்பில் தேதி, நேரம், கருவி, திட்டின் அகலம், வால் இருந்தால் நீளமும் திசையும், ஒப்பிட்ட நட்சத்திரங்கள் எல்லாம் இருக்க வேண்டும். ஸ்லோவேனியாவிலிருந்து இயங்கும் கோப்ஸ் என்ற தரவுத்தளம் உலகெங்கிலுமுள்ள நோக்கர்களின் மதிப்பீடுகளைச் சேர்க்கிறது. அடுக்கு நான்கா இரண்டரையா என்பதை நாளுக்கு நாள் திருத்திக்கொள்ளக் கணிப்பவர்களுக்கு இத்தகைய எண்கள்தான் உதவுகின்றன. தேடியும் தெரியவில்லை என்றால் அதையும் எழுதி, அந்த நேரத்தில் பைனாகுலரில் தெரிந்த மிக மங்கலான நட்சத்திரத்தின் தரத்தைப் பக்கத்தில் குறியுங்கள். ஒரு வால்நட்சத்திரம் உடைந்து கரையத் தொடங்கும் வாரத்தில் கிடைக்கும் ‘தெரியவில்லை’ அதன் ஒளி எவ்வளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதற்கு வரம்பு கட்டும்.